நான்கு எண்கள் கேட்டேன்: ஒரு கல்லூரி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதில் என் மேசைமேல் இருக்கிறது. ஒரே வரி. "தாங்கள் கோரியவை நிறுவனத்தின் உள் விவரங்கள் என்பதால் வழங்க இயலாது." கீழே முத்திரை, கையெழுத்து. கேட்காமலேயே இந்த ஆண்டுக்கான சேர்க்கைக் கையேட்டையும் அதே உறையில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். வழவழப்பான தாள், நாற்பது பக்கம்.

நான் கேட்டவை நான்கே எண்கள். என் மகன் சேர நினைக்கும் பாடப்பிரிவில், கடைசியாகப் படித்து வெளியேறிய அணியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள்? பட்டம் பெற்று ஓராண்டு கழித்து எத்தனை பேர் படிப்புக்கேற்ற வேலையில் இருக்கிறார்கள்? அவர்களுடைய ஊதியத்தின் இடைநிலை அளவு (வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது) என்ன? ஒருவருடைய பெயரையும் கேட்கவில்லை. மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. உங்கள் வரவு செலவைக் கேட்கவில்லை. இவையெல்லாம் உள் விவரம் என்றால், பணம் கட்டப் போகிறவனுக்கு நீங்கள் சொல்லக்கூடிய வெளி விவரம் எது என்று எனக்குப் புரியவில்லை.

தொழிலால் நான் கணக்காளர். 27 ஆண்டுகளாகப் பிறருடைய வரவு செலவைச் சரிபார்த்துக் கையெழுத்திடுகிறேன். சிறு கடை வைத்திருப்பவர் கடை விரிவாக்கத்துக்குக் கடன் கேட்டால்கூட, முந்தைய ஆண்டுகளின் கணக்கைக் கொண்டு வா என்கிறார்கள். அவரும் அலைந்து திரிந்து, பழைய சிட்டைகளைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒரு குடும்பம் வாழ்நாளில் செய்யும் செலவுகளில், வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரியது உங்களிடம் கட்டும் தொகைதான். சொந்த வீடு என்ற ஒன்றே வாய்க்காத குடும்பங்களுக்கு இதுதான் முதலாவது. இவ்வளவு பெரிய செலவுக்கு நீங்கள் காட்டும் கணக்கு, சிரித்த முகங்களை அச்சிட்ட ஒரு பக்கம்.

முதல் முறை நானும் கேட்கவில்லை. அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் என் மகளை உங்கள் கல்லூரியில் சேர்த்தபோது இதே போன்ற ஒரு கையேட்டைப் புரட்டினேன். "92% வேலைவாய்ப்பு" என்று கட்டைவிரல் அகலத்துக்கு எழுத்து. அந்தச் சதவீதக் குறிக்கு மேலே ஒரு சின்ன நட்சத்திரம். பக்கத்தின் அடியில், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டே வைத்துப் பார்த்தால் தெரியும் அளவில், "தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்களில்" என்று நான்கு சொற்கள் இருந்தன. எந்த நிறுவனத்தின் ஐந்தொகையை எடுத்தாலும் நான் முதலில் படிப்பது அடிக்குறிப்புகளைத்தான். அன்றைக்குப் படிக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் தொழில் புத்தி முழுவதுமாகப் போய்விடவில்லை. அவள் சேர்ந்த அன்று ஒரு நீல அட்டை நோட்டு வாங்கி, உங்களுக்குச் செலுத்திய ஒவ்வொரு தொகையையும் ரசீது எண்ணோடு அதில் எழுதத் தொடங்கினேன். கையேட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: ஆண்டுக் கல்விக் கட்டணம். நோட்டில் சேர்ந்தவை: சேர்க்கைக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், நூலகக் காப்புத்தொகை, தேர்வுக் கட்டணம், மறுமதிப்பீட்டுக் கட்டணம், விடுதி, விடுதிப் பராமரிப்பு (விடுதிக் கட்டணத்துக்குள் பராமரிப்பு அடங்காது என்பதை அங்கேதான் கற்றேன்), சீருடை, அடையாள அட்டை, அந்த அட்டை தொலைந்தபோது இன்னொன்று, ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி, வேலைவாய்ப்புப் பயிற்சி, பட்டமளிப்பு விழா அங்கிக்கு வாடகை. கடைசியாக, எட்டு முறை எட்டு வெவ்வேறு தொகையில், "இதர கட்டணம்". இதர என்றால் என்ன என்று மூன்றாம் பருவத்தில் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் பாவம், கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதிலும் "இதர" என்றுதான் இருந்தது.

நான்கு ஆண்டு முடிவில் கூட்டினேன். கையேட்டுத் தொகையை நான்கால் பெருக்கி வருவதைப்போல் 1.6 மடங்கு. காப்புத்தொகை இன்னும் திரும்பி வரவில்லை, அது தனி.

இந்த 1.6இல் ஒரு பகுதி, படிப்பின் நடுவில் நீங்கள் உயர்த்திய கட்டணம். இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது: "நிர்வாகக் காரணங்களால்." அந்த நேரத்தில் ஒரு பெற்றோர் என்ன செய்ய முடியும்? ஓராண்டுப் பணமும் ஓராண்டு வயதும் உள்ளே போய்விட்டன. வெளியே வந்தால் இரண்டும் போச்சு, கையில் பட்டமும் இல்லை. மாட்டிக்கொண்டவரிடம் விலையை உயர்த்துவதற்கு வணிகத்தில் நல்ல பெயர் எதுவும் கிடையாது. இங்கிலாந்தில் 2012இல் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பை ஏறக்குறைய மூன்று மடங்காக, 9,000 பவுண்டாக உயர்த்தினார்கள். பெரும் எதிர்ப்பும் போராட்டமும் நடந்த முடிவு அது. அவர்கள்கூட ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்களைப் பழைய வரம்பிலேயே முடிக்க விட்டார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் புதிய கட்டணம். அந்த அளவு நாகரிகத்தைத்தான் உங்களிடமும் எதிர்பார்த்தேன்.

அடுத்து, கையேட்டில் எங்கேயும் வராத இரண்டு செலவுகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று வட்டி. எளிதாகப் புரிய, ஆண்டுக்கு 100 பங்கு வீதம் நான்கு ஆண்டுக்கு 400 பங்கு கடன் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்று கடன் கொடுப்பவர் சொல்வார். வட்டி ஓடாது என்று அவர் சொல்வதில்லை, நாம்தான் அப்படி நினைத்துக்கொள்கிறோம். ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 100 வாங்கினால், நான்காம் ஆண்டு முடிவில் 400 என்பது 510 ஆகியிருக்கும். வேலை தேட ஓராண்டு அவகாசம் தருகிறார்கள் அல்லவா, அது முடியும்போது 561. அதைப் பத்தாண்டு மாதத் தவணையாகக் கட்டி முடித்தால் மொத்தம் கொடுத்திருப்பது ஏறத்தாழ 890. உங்கள் ரசீதில் 400. கடன் வாங்கியவர் வாழ்க்கையில் 890. உங்கள் கல்லூரி வளாகத்திலேயே, சேர்க்கை நாளன்று, கடன் கொடுப்பவரின் மேசை ஒன்றும் போடப்பட்டிருந்தது. அந்த மேசையில் இந்தக் கணக்கை ஒருவரும் எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. எனக்குப் போடத் தெரியும். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மாவுக்கு எங்கே கையெழுத்திட வேண்டும் என்பதை மட்டும் விரலால் காட்டினார்கள். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த ஏழு இடங்களில் அவர் கையெழுத்திட்டார்.

இன்னொன்று, அந்த நான்கு ஆண்டில் சம்பாதிக்காமல் விட்ட பணம். பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். பள்ளிப்படிப்போடு கிடைக்கும் வேலையில் ஆண்டுக்கு 60 பங்கு வருமானம் என்றாலும் நான்கு ஆண்டில் 240. ஆகவே 400 பங்கு படிப்பின் உண்மையான விலை, வட்டிக்கு முன்பே 640. கட்டணமே வாங்காத நாட்டில் படித்தாலும் இந்த 240 போகத்தான் போகும். வசதியுள்ள வீட்டில் இது கண்ணில் படாது. வசதியில்லாத வீட்டில் இதுதான் முதலில் கண்ணில் படுகிறது. "ஒரு கை வருமானம் நான்கு வருடம் வராது" என்று அவர்கள் சொல்வது இந்தப் பாடத்தைத்தான்.

செலவு இருக்கட்டும். பலன் என்ன என்று பார்ப்போம்.

மகள் பட்டம் வாங்கி ஓராண்டுக்குப் பின் ஒரு காரியம் செய்தாள். நான் சொல்லித் தொடங்கியதல்ல. வீட்டில் நீல நோட்டைப் பார்த்து வளர்ந்த பழக்கம் என்று நினைக்கிறேன். தன்னோடு அந்தப் பிரிவில் சேர்ந்த அத்தனை பேரையும் தொலைபேசியில் அழைத்தாள். வேலை முடிந்து வந்து, இரவு ஒன்பதுக்கு மேல், தினம் மூன்று நான்கு பேர். மூன்று வாரம் ஆயிற்று. ஒரு பெரிய தாளில் கோடு போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பாதியில் படிப்பை விட்ட நான்கு பேரை மட்டும் எந்த வழியிலும் பிடிக்க முடியவில்லை. அவர்கள் வரிகளை வெறுமனே விட்டுவைத்திருக்கிறாள்.

தாளில் இருப்பது இது. சேர்ந்தவர்கள் 60. பட்டம் வாங்கியவர்கள் 52. அரியர் இருந்தால் வளாக நேர்காணலுக்கு அனுமதியில்லை, மேற்படிப்பு என்று வாய்தவறிச் சொன்னாலும் பெயர் நீக்கம். இப்படியெல்லாம் வடிகட்டியபின் பதிவானவர்கள் 38. பணி நியமனக் கடிதம் கிடைத்தது 35 பேருக்கு. 38இல் 35 என்றால் 92 சதவீதம். கையேடு பொய் சொல்லவில்லை என்பதைக் கணக்காளனாக ஒப்புக்கொள்கிறேன்.

அந்த 35 கடிதங்களுக்கு என்ன ஆயிற்று? 9 பேருக்குச் சேரும் தேதியே வரவில்லை. கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டிய வீடு ஒன்று அதில் உண்டு. 11 பேர் எந்தப் பட்டம் இருந்தாலும் போதும் என்கிற வேலையில் இருந்தார்கள். படித்த துறையிலேயே வேலை பார்த்தவர்கள் 15. உங்களுக்கு நியாயம் செய்ய வேண்டுமென்று, நேர்காணலுக்குப் பதிவு செய்யாத 14 பேரையும் விடாமல் கேட்டாள். அவர்களில் 6 பேர் தாங்களாகவே தேடித் துறைக்குள் போயிருந்தார்கள். அதையும் உங்கள் கணக்கில் சேர்க்கிறேன். மொத்தம் 21. அறுபதில் 35 சதவீதம். ஒரே வகுப்பு, ஒரே ஆண்டு: உங்கள் முறையில் 92, எங்கள் முறையில் 35. இரண்டிலும் கூட்டல் பிழை இல்லை. எதால் வகுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

என் மகள் அந்த 11 பேரில் ஒருத்தி. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்றும் தவணைக்குப் போகிறது.

ஊதியத்துக்கு வருகிறேன். கையேட்டில் "சராசரி ஊதியம்" என்று போடுகிறீர்கள். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 20, ஒருவருக்கு 120 என்றால் சராசரி 30. அந்த 30ஐ வாங்குகிறவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை. இடைநிலை அளவு 20. வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. சேர வருகிற சாதாரண மாணவன் தன்னை எந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமோ அந்த இடம். அமெரிக்கப் புள்ளியியல் வகுப்புகளில் ஒரு கதை சொல்வார்கள்: வட கரோலினா பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து வெளியேறியவர்களின் சராசரி வருமானம் ஒரு காலத்தில் வானத்தைத் தொட்டதாம், காரணம் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் அங்கே படித்த பாடம் அது. கதையில் எவ்வளவு கைச்சரக்கு சேர்ந்ததோ. அவர் அங்கே புவியியல் படித்தது உண்மை. உங்கள் கையேட்டின் சராசரிக்குள் எத்தனை ஜோர்டான்கள் இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் நான்காவது எண்ணில் கேட்டேன்.

நான் கல்லூரிப் படிப்புக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பெரும் பணக்காரரானவர்களின் பட்டியலைக் காட்டிப் பிள்ளைகளின் மனத்தைக் கலைப்பவர்கள் மேல் எனக்குப் பொறுமை கிடையாது. அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று பேர் விட்டுவந்த இடம் ஹார்வர்டு. அங்கே நுழைய முடிந்தவர்களின் நிலை வேறு. ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பட்டதாரிகள் சராசரியாகப் பிறரைவிட அதிகம் சம்பாதிக்கிறார்கள், வேலையிழப்பும் அவர்களுக்குக் குறைவு. இதை மறுப்பதற்கில்லை.

ஏன் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்பதில்தான் அறிஞர்களே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். படிப்பு ஆளுக்குள் ஏறும் மூலதனம், அது உழைப்பின் தரத்தை உயர்த்துகிறது என்று தியோடர் ஷுல்ட்ஸும் கேரி பெக்கரும் சொன்னார்கள். இருவருக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு வந்தது, முறையே 1979இலும் 1992இலும். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் வேறொன்று சொன்னார்: வேலை கொடுப்பவருக்கு ஆளின் திறமை வெளியே தெரியாது, ஆகவே பட்டம் ஓர் அடையாளமாக வேலை செய்கிறது, கற்றது பயன்படாவிட்டாலும் கற்று முடித்தான் என்பதே ஒரு செய்தி. அவருக்கும் 2001இல் அதே பரிசு. ஆங்கிலத்தில் பட்டச் சான்றிதழுக்கு ஆட்டுத்தோல் என்றொரு பழைய பெயர் உண்டு. தோலில் எழுதிய காலத்தின் மிச்சம். நான்கு ஆண்டுப் படிப்பில் முதல் மூன்று ஆண்டு தரும் ஊதிய உயர்வைவிடக் கடைசி ஆண்டை முடித்துப் பட்டம் வாங்குவது தரும் உயர்வு பெரிது என்று ஆய்வுகளில் தெரிகிறது. அதை ஆட்டுத்தோல் விளைவு என்கிறார்கள். பாதியில் நின்றவர்களுக்குக் கடன் மட்டும் மிஞ்சும், தோல் கிடைக்காது. அமெரிக்காவில் கல்விக் கடனைக் கட்ட முடியாமல் விழுபவர்களில் பெரும்பகுதியினர் பெருந்தொகை வாங்கியவர்கள் அல்லர். கொஞ்சம் வாங்கி, படிப்பை முடிக்காமல் போனவர்கள். மகளின் தாளில் வெறுமையாக இருக்கும் நான்கு வரிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது.

இன்னோர் ஆய்வும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் வெளியிட்டது. பேர்பெற்ற கல்லூரியில் இடம் கிடைத்தும் அங்கே போகாமல் வேறிடத்தில் படித்தவர்களை, அங்கேயே போய்ப் படித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். பிற்கால வருமானத்தில் பெரும்பாலோருக்குப் பெரிய வித்தியாசமில்லை. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்லூரி கூடுதல் பலன் தந்திருந்தது. உள்ளே வரும்போதே மாணவனிடம் இருந்த திறமையை உங்கள் சாதனைப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறீர்களே, அதற்குமுன் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று முறை நேரில் வந்தபோது மூன்றையும் கேட்டுவிட்டேன்.

"கல்வியை வியாபாரமாகப் பார்க்காதீர்கள் சார்." பார்க்கக் கூடாதுதான். ஆறாம் பருவத்தில் கட்டணம் மூன்று நாள் தாமதமானபோது, நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் போட்டு, அதைக் கட்டும்வரை என் மகளின் தேர்வு நுழைவுச்சீட்டை ஒரு மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். தேர்வுக்கு முதல் நாள் மாலை நாலரை மணி. அவள் கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டு, கையிலிருந்த புத்தகத்தை விரித்து நின்றபடியே படித்தாள். பணம் வாங்கும் இடத்தில் வியாபாரமாகவும், கணக்குக் கேட்கும் இடத்தில் தவமாகவும் கல்வி மாறிக்கொண்டிருக்க முடியாது. படிப்பின் பயன் பணம் மட்டும் இல்லை என்பது எனக்கும் தெரியும். மகள் அங்கே பெற்ற நட்பும், ஓர் ஆசிரியர் அவளுக்குத் திறந்துவிட்ட வாசிப்பும் விலை போடக்கூடியவை அல்ல. அவற்றுக்கு நீங்கள் விலைப்பட்டியல் கொடுக்கவும் இல்லை. விலை போட்டதற்கு மட்டும் கணக்குக் கேட்கிறேன்.

"படித்து முடித்துப் போனவர்களை எங்கே தேடுவது?" என்பது இரண்டாவது. உங்கள் முன்னாள் மாணவர் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் என் மகளைச் சரியாகத் தேடிக் கண்டுபிடித்து, புதிய அரங்கக் கட்டட நிதிக்கு நன்கொடை கேட்கிறது. இரண்டு முறை கைபேசி எண்ணை மாற்றினாள்; இரண்டு முறையும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களிடமே இந்தப் பொறுப்பையும் ஒப்படையுங்கள்.

மூன்றாவது, "எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் போடுகிறது." இதுதான் உண்மையான பதில். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. அமெரிக்காவில் 2011, 2012 ஆண்டுகளில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட சட்டக் கல்லூரிகள்மேல் அவற்றின் பட்டதாரிகளே வழக்குப் போட்டார்கள். பகுதிநேர வேலை, தற்காலிக வேலை, சட்டப் படிப்பே தேவைப்படாத வேலை எல்லாவற்றையும் கூட்டி "வேலை பெற்றவர்கள்" என்று காட்டியதாகக் குற்றச்சாட்டு. பெரும்பாலான வழக்குகள் தள்ளுபடியாகிவிட்டன. ஆனாலும் அந்தக் கூச்சலுக்குப் பின் வழக்கறிஞர் சங்கம் விதியை மாற்றியது: முழுநேரமா பகுதிநேரமா, நீண்டகாலமா குறுங்காலமா, சட்டத் தகுதி தேவைப்படுகிற வேலையா இல்லையா என்று பிரித்துக் காட்டியாக வேண்டும். 2015இல் அந்த நாட்டு அரசே கல்லூரிவாரியாகச் செலவு, படிப்பை முடித்தவர் விகிதம், பிற்கால வருமானத்தின் இடைநிலை அளவு ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. 2019இல் பாடப்பிரிவுவாரியாகவும் வருமானத்தைச் சேர்த்தது. கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெற்றவர்களின் வருமானம் மட்டுமே அதில் வருகிறது என்ற குறை உண்டு. குறையோடாவது ஒரு கணக்கு இருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை, கல்லூரிகளை மூடவும் இல்லை.

கடன் முறையைக் கல்லூரி மாற்ற முடியாது என்பது தெரியும். ஆஸ்திரேலியாவில் 1989 முதல், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பின்பே கல்விக் கடனைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். வேலை கிடைக்காதவன் கழுத்தில் தவணை விழாது. அதை அரசிடம் கேட்க வேண்டும், கேட்பேன். உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் உங்களிடம் கேட்கிறேன்.

சேர்க்கைக்கு முன், முழுப் படிப்புக்குமான மொத்தச் செலவை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். விடுதி, தேர்வு, பயிற்சி, அங்கி வாடகை உட்பட. "இதர" என்ற சொல் அந்தத் தாளில் இருக்கக் கூடாது. ஒரு மாணவர் சேர்ந்த நாளில் சொன்ன தொகை அவர் படித்து முடிக்கும்வரை மாறக் கூடாது. உயர்த்தியே ஆக வேண்டுமென்றால் அடுத்து வருகிறவர்களுக்கு, முன்கூட்டியே சொல்லி, உயர்த்துங்கள்.

நான் கேட்ட நான்கு எண்களையும் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். சேர்ந்தவர்கள் அனைவரையும் வகுக்கும் எண்ணாக வையுங்கள். பிடிக்க முடியாதவர்களை நீக்கிவிடாமல், "தொடர்பில் இல்லை" என்று ஒரு வரியில் காட்டுங்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் ஒரு பெண் தனியாளாகச் செய்ததை, ஓர் அலுவலகமே வைத்திருக்கும் நீங்கள் செய்ய முடியும். நியமனக் கடிதம் வேறு, வேலையில் சேர்ந்தது வேறு. இரண்டையும் தனியாக எழுதுங்கள். ஐந்தாண்டு கழித்த நிலையையும் சேர்த்தால் நன்று, அதற்கு அவகாசம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நிற்கிற மாணவருக்கு, படிக்காத பருவங்களின் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பாக்கியைக் காட்டிச் சான்றிதழையோ நுழைவுச்சீட்டையோ பிடித்து வைக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் 2020 முதல், பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைப்பது சட்டப்படியே கூடாது. உங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது; அதற்கு அடியில் இருக்கும் நியாயம் பொருந்தும்.

சேர்க்கை நாளன்று கடன் மேசை போடுவதாக இருந்தால், அதே மேசையில் கையெழுத்துக்கு முன் ஒரு தாள் கொடுக்கச் செய்யுங்கள்: வாங்குவது இவ்வளவு, படித்து முடிக்கும்போது இவ்வளவு ஆகியிருக்கும், கட்டி முடிக்கும்போது மொத்தம் இவ்வளவு. மூன்று வரி போதும். அந்த மேசையில் இருப்பவருக்கு உங்கள் கல்லூரியோடு பண உறவு ஏதாவது உண்டென்றால் அதையும் நான்காவது வரியாக எழுதச் சொல்லுங்கள்.

என் மகள் பெயரிலுள்ள நூலகக் காப்புத்தொகையைத் திருப்பி அனுப்புங்கள். ரசீது எண் உங்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். சின்னத் தொகைதான், நோட்டில் அந்த ஒரு வரி மட்டும் மூடாமல் நிற்கிறது.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வர இன்னும் 23 நாள் இருக்கிறது. மகனுக்கு உங்கள் கல்லூரியின் அந்தப் பாடப்பிரிவு பிடித்திருக்கிறது. அக்காவுக்கு வாய்த்த அந்த ஆசிரியர் இன்னும் அங்கேயே இருக்கிறார் என்பது அவனுக்கு ஒரு காரணம், எனக்கும்தான். நிரப்பிய விண்ணப்பம் வீட்டில் இருக்கிறது. நான்கு எண்களும் அதற்குள் வந்துவிட்டால், எண்கள் சுமாராக இருந்தாலும், உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். வரவில்லை என்றால் அந்த விண்ணப்பம் அஞ்சலில் சேராது. மகள் தயாரித்த தாளை, பெயர்களை எல்லாம் நீக்கிவிட்டுப் பிரதி எடுத்து, கேட்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் என் செலவில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் மாணவி ஒருவரின் தந்தை